கோதுமையை நிறுத்துமுன் பரிசோதனை

 

சோறே பிரதான உணவாயிருந்த நம் மடவார் வளாகத்து வீடுகளில் இன்று கோதுமையும் அன்றாட உணவாகிவிட்டது. சர்க்கரை நோயாளிக்குச் சப்பாத்தி, பிள்ளைகளுக்குப் புரோட்டா, நோன்பு திறக்கையில் சமோசா. பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் சிலருக்குக் கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாது. அதை உண்ணும்போது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை ஈர்க்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. இதுவே சீலியாக் நோய்.

இந்நோய்க்குக் கோதுமையே காரணம் என்பதை, நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். நம் நாட்டில் மருத்துவர் இராமகிருஷ்ணா முதலானோர் 23,331 பேரிடம் ஆய்வு நடத்தி 2016இல் வெளியிட்டனர். வட இந்தியாவில் ஆயிரத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. வேலூரை உள்ளிட்ட தெற்கில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கே இருந்தது. இந்நோய்க்கு இடந்தரும் மரபணுவோ எல்லாப் பகுதிகளிலும் மூவரில் ஒருவரிடம் காணப்பட்டது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம்.

நம்மிடையே அரிது என்பதாலேயே இந்நோய் எவர் நினைவிற்கும் எளிதில் வருவதில்லை. தீராத வயிற்றுப்போக்கு, மருந்துண்டும் மாறாத இரத்தசோகை, வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத பிள்ளை, காரணமின்றி மெலியும் உடல் ஆகியவற்றைக் கண்டால், "இது சீலியாக்காக இருக்குமா?" என்று மருத்துவரிடம் நாமே கேட்க வேண்டும். ஒருவருக்கு நோய் உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளுக்கும் பரிசோதனை அவசியம்.

மறுபுறம், பிறர் சொல்லக் கேட்டு, வயிறு உப்பியவுடன் கோதுமையை விட்டுவிடுவோரும் உள்ளனர். சகோதரர்களே, இங்கேதான் நாம் கவனமாயிருக்க வேண்டும். டி.டி.ஜி. என்னும் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் உள்நோக்கிக் கருவியால் குடலிலிருந்து சிறு தசை எடுத்துப் பார்ப்பதும், கோதுமை உண்டுவரும் காலத்திலேயே சரியான முடிவைத் தரும். முன்னரே நிறுத்திவிட்டால் குடல் ஆறத் தொடங்கும். இரத்தத்திலுள்ள அடையாளம் குறையும். நோய் இருந்தும் இல்லையென்று வரலாம். நிறுத்தியவர் மருத்துவர் ஆலோசனைப்படி சில வாரங்கள் மீண்டும் கோதுமை உண்டபின்னரே சோதிக்க வேண்டியிருக்கும். ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்புப் புரதம் குறைவாயுள்ளவர்களிடம் இச்சோதனை ஏமாற்றலாம் என்பதால், அதன் மொத்த அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

சோதனையில் சீலியாக் இல்லையென்று வந்தும் கோதுமையால் தொல்லைப்படுவோர் உண்டு. அது கோதுமை ஒவ்வாமையா, குளூட்டன் தாங்காமையா என்று மருத்துவரே பிரித்தறிவார். பின்னதற்குத் தனிப் பரிசோதனை கிடையாது. மற்றவற்றை விலக்கிய பிறகே அதைச் சொல்ல முடியும்.

நோய் உறுதியானவர்க்கு மருந்து ஒன்றே: ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்குதல். நமக்கு இது பெருஞ்சுமையன்று. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் உண்ணத்தக்கவை. பச்சரிசியில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும், பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்ந்த பால்கோவாவும் ஆகும். ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. சேமியா, ரவை, மைதா மூன்றும் கோதுமையே. புரோட்டாக் கல்லில் சுட்ட தோசையும் ஆகாது.

ஆகவே வலீமா விருந்திலும் நோன்புக் கஞ்சியிலும் அத்தகையோருக்குத் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் வைப்போம். "ஒரு வாய் தின்றால் ஒன்றும் ஆகாது" என்று எவரையும் வற்புறுத்தாதிருப்போம். ஹலால் பேண வேண்டிப் பொட்டலத்தின் எழுத்துகளைக் கூர்ந்து படிக்கும் நமக்கு, ஒரு பிள்ளையின் குடலைக் காக்க அதே எழுத்துகளைப் படிப்பது கடினமன்று.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.