ஊர் மாறினால் காளானும் மாறும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ காளான். முன்வரிசையில் சிலர் புன்னகை செய்வது நமக்குத் தெரிகின்றது. ஆயினும் இது சிரித்து ஒதுக்கத்தக்க பொருளன்று. உயிரோடு தொடர்புடைய பொருள். பீன்யாவில் மழை பெய்த மறுநாள், காலிமனைகளிலும் தொழிற்கூடங்களின் மதிலோரங்களிலும் புல்தரைகளிலும் வெள்ளைக் குடை விரித்தாற்போலக் காளான்கள் நிற்பதைக் காணாதவர் நம்முள் யாரும் இரார். தருமபுரியிலும் கிருட்டினகிரியிலும் சேலத்திலும் திருவண்ணாமலையிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அக்காட்சியைக் கண்டதும் கை நீளும், நாவும் ஊறும். அந்தக் கையைச் சற்றே நிறுத்தி வைக்கவே இவ்வுரை.

காளான் நமக்குப் புதியதன்று. பழந்தமிழர் அதனை ஆம்பி என்றனர். சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்திருந்தது என்று தம் வறுமையைக் குமணனிடம் கூறினார் பெருந்தலைச் சாத்தனார். புறநானூற்று 164ஆம் பாடலில் அதனைக் காணலாம். உண்ணத் தகாத காளானை நம் ஊர்களில் நாய்க்குடை என்பர். கன்னடத்தாரும் நாயிகொடெ என்றே வழங்குவர். காட்டில் முளைப்பதெல்லாம் உணவன்று என்பதை இரு மொழியினரும் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

நம் ஊர்களில் பெரிதும் விரும்பி உண்ணப்படுவது புற்றுக் காளான். அது வளரும் விதம் வியக்கத்தக்கது. கறையான்கள் காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, அதன் எச்சத்தால் புற்றினுள்ளே தேனடை போன்ற அடைகளைக் கட்டி, அவற்றின்மேல் ஒருவகைப் பூசணத்தைப் பயிர் செய்கின்றன. மழைக்காலம் வந்ததும் அப்பூசணம் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலெழுந்து குடை விரிக்கின்றது. அதனால்தான் புற்றுக் காளானைத் தோண்டி எடுத்தால், வேர் போன்ற நீண்ட தண்டு மண்ணுக்குள் ஆழச் சென்று புற்றின் அடையைத் தொடுவதைக் காண்கின்றோம். இதனை வாணிக அளவில் பயிரிட மனிதன் இன்னும் வழி காணவில்லை. கறையானுக்கு வாய்த்த உழவு மனிதனுக்கு வாய்க்கவில்லை!

ஊரில் நம் பாட்டிமார் இதனை அச்சமின்றிச் சமைத்தனர்; நாமும் உண்டு வளர்ந்தோம். அவர்கள் எவ்வாறு தவறாது அறிந்தனர்? அவர்கள் காளானை மட்டும் அறிந்திருக்கவில்லை, இடத்தையும் அறிந்திருந்தனர். இன்ன வரப்பு, இன்ன புற்று, இன்ன மாதத்து மழை, சென்ற ஆண்டு பறித்த அதே இடம் என்று கணக்கு வைத்திருந்தனர். அவர்களுக்கு முன் மாமியாரும், மாமியாருக்கு முன் அவர் மாமியாரும் அதே இடத்தில் பறித்து உண்டு பார்த்திருந்தனர். ஆகவே அந்த அறிவு அந்த மண்ணோடு ஒட்டிய அறிவு. நாம் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு வந்தபோது, அவ்வறிவு அவ்வரப்பிலேயே தங்கிவிட்டது. நம்மோடு வந்தது உருவத்தைப் பற்றிய நினைவு ஒன்றே. அந்நினைவை நம்பிப் பறிப்பதே ஆபத்து.

இது நமக்கு மட்டும் உரிய இடர் அன்று. குடிபெயர்ந்த மக்கள் எங்கும் இவ்வாறே அகப்பட்டிருக்கின்றனர். 'சாவுக்குல்லாய்' என்று பொருள்படும் பெயரால் ஆங்கிலேயர் அழைக்கும் காளான் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் தோன்றிய அது, மரக்கன்றுகளின் வேரோடு பிற கண்டங்களுக்கும் சென்று பரவியது. அதன் இளம் மொட்டு, கிழக்காசிய மக்கள் நாள்தோறும் உண்ணும் வைக்கோல் காளானின் மொட்டைப் போலவே தோன்றும். லாவோஸ் முதலிய நாடுகளிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குச் சென்று குடியேறியவர்கள், தம் நாட்டுக் காளானே இங்கும் முளைத்திருக்கின்றது என்று கருதி அதனைப் பறித்துண்டு நஞ்சுக்கு ஆளாயினர். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் 2011ஆம் ஆண்டு கடைசி நாளன்று, புத்தாண்டு விருந்துக்காக அக்காளானைச் சமைத்தார் ஒரு சமையற்காரர். தொழிலாலேயே சமையல் அறிந்தவர் அவர். ஆயினும் அவரும் உடன் உண்ட மற்றொருவரும் சில நாட்களில் உயிரிழந்தனர். 2015ஆம் ஆண்டு ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த சிரியா நாட்டவர் பலரும் இவ்வாறே நஞ்சுண்டனர். அப்போது ஹனோவர் நகரத்து மருத்துவப் பல்கலைக்கழகம், வந்தேறிய மக்களுக்கு விளங்குமாறு அரபு மொழியிலும் குர்து மொழியிலும் எச்சரிக்கைத் தாள்களை வெளியிட்டது. இச்செயலை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உரையின் இறுதியில் இதனிடம் திரும்புவோம்.

நம் நாட்டிலும் இத்துயரம் உண்டு. 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அசாம் மாநிலத்தில் காட்டுக் காளானை உண்ட 13 பேர், திப்ருகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்து எளிய மக்கள். ஒருவர் சிறு குழந்தை.

நிற்க. பெங்களூரின் புல்தரைகளில் முளைக்கும் ஒரு காளானைப் பற்றி விரித்துரைப்பது கடமை. தட்டு அளவு விரியும் வெண்மையான குடை. அதன் நடுவில் பழுப்பு நிறச் செதிள்கள். தண்டில் மோதிரம் போன்ற வளையம். பார்வைக்கு அழகானது, மணமும் வெறுக்கத்தக்கதன்று. குடையின் அடியில் விசிறி மடிப்புப் போல் அமைந்த செவுள்கள் இளமையில் வெண்மையாக இருந்து, முதிர்ந்தபின் பச்சை நிறம் கொள்ளும். புற்றுக் காளான் என்று மயங்கி இதனை உண்டவர், ஓரிரு மணி நேரத்திலேயே கடும் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆளாவர். உயிரைப் பறிப்பது அரிது எனினும், குழந்தைகளையும் முதியவர்களையும் உடல்நீர் வற்றச் செய்து பேரிடருக்கு உள்ளாக்கும். இதன் குடையை வெள்ளைத் தாளின்மேல் செவுள் கீழ்நோக்க வைத்து, பாத்திரத்தால் மூடி ஓரிரவு விட்டால், தாளில் பசுமையான தூள் படியும். பசுமை கண்டால் நஞ்சென்று உறுதி கொள்ளலாம். ஆனால், பசுமை காணாவிடில் நல்லதென்று கொள்ளலாகாது. மிகக் கொடிய காளான்களின் தூள் வெண்மையானது.

இனி, நம்மிடையே வழங்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம். வெள்ளிக் காசைக் கொதிக்கும் காளானில் இட்டால், நஞ்சிருந்தால் கறுக்கும் என்பர். பூண்டோ அரிசியோ இட்டு நிறம் மாறுகின்றதா என்று பார்ப்பர். புழு அரித்த காளான் நல்லது என்பர். புளியும் உப்பும் இட்டு நன்கு கொதிக்க வைத்தால் நஞ்சு நீங்கும் என்பர். இவற்றுள் ஒன்றேனும் உண்மையன்று. வெள்ளி கறுப்பது கந்தகத்தால்; காளான் நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நமக்கு நஞ்சாவது புழுவுக்கும் நத்தைக்கும் உணவாகலாம். சாவுக்குல்லாயின் நஞ்சு கொதியிலும் அழியாது, உலர்த்தினாலும் நீங்காது. சுவையும் காட்டிக் கொடுக்காது; உண்டு பிழைத்தவர்கள் அது சுவையாகவே இருந்தது என்று கூறியிருக்கின்றனர். அத்தகைய காளான் ஒன்றே வளர்ந்த மனிதன் ஒருவனைக் கொல்லப் போதும்.

நல்ல காளானும் அறியாதான் கையில் நஞ்சாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காசுமீரத்திலும் இமாசலத்திலும் உத்தராகண்டிலும் பனி உருகும் காலத்தில் காட்டில் முளைக்கும் ஒரு காளானை வடநாட்டார் குச்சி என்பர்; மேலைநாட்டார் மோரல் என்பர். தேனடை போன்ற குழிகளும் உள்ளே முழுதும் வெற்றிடமும் கொண்டது. விலையோ மிக உயர்ந்தது. மலைவாழ் மக்கள் அதனை உலர்த்தி வைத்துப் பின்னர் நன்கு வேகவைத்தே உண்பர். 2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் போஸ்மன் நகரில், ஓர் உணவு விடுதியில் அக்காளானைப் பச்சையாகவும் அரைவேக்காட்டிலும் உண்ட 51 பேர் நோயுற்றனர்; இருவர் இறந்தனர். இத்தனைக்கும் அது காட்டில் தவறாகப் பறித்ததன்று. பயிரிட்டு விலைக்கு வாங்கிய உண்மையான மோரல். காளான் இன்னதென்று அறிவது பாதி அறிவு. அதனைப் பக்குவம் செய்யும் முறையை அறிவது மறு பாதி. இமயத்தின் குளிரில் முளைக்கும் குச்சிக் காளான் நம் பீன்யாவில் முளைப்பதில்லை. ஆகவே அதைப் போல் ஒன்றை இங்குக் கண்டோம் என்று யாரேனும் கொண்டுவந்தால் ஏற்க வேண்டாம்.

பீன்யாவுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. 1970களில் உருவாகி வளர்ந்த இத்தொழிற்பேட்டை நம்முள் பலருக்குச் சோறு போடுகின்றது. அதற்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. 2009ஆம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை அளந்து பார்த்தபோது, கடுமையாக மாசுபட்ட இடங்களுள் ஒன்றாகப் பீன்யாவும் எண்ணப்பட்டது. முலாம் பூசும் பட்டறைகள் மிகுந்த இப்பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. காளானோ தான் நிற்கும் மண்ணிலிருந்து உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்து வைக்கும் இயல்புடையது. எனவே, இங்கு முளைப்பது உண்மையாகவே புற்றுக் காளானாக இருப்பினும், அது உண்ணத்தக்கதன்று. ஊரில் நல்லதாக இருந்தது இங்கு மண்ணாலேயே தீயதாகின்றது.

ஒருவேளை எவரேனும் உண்டுவிட்டால் செய்ய வேண்டுவது யாது? நேரத்தைக் கவனிக்க வேண்டும். உண்ட சிறிது நேரத்தில் வாந்தி வருவது ஒருவகை. ஆறு மணி நேரத்திற்குப் பின்னர், இரவு உண்டவர்க்கு விடியலில் வாந்தியும் கழிச்சலும் தொடங்குமாயின், அதுவே அஞ்சத்தக்க வகை. இரண்டாம் நாள் நோய் தணிந்தது போலத் தோன்றும். 'சரியாகிவிட்டது' என்று வேலைக்குப் புறப்படவும் தோன்றும். அத்தணிவு பொய். அந்நேரத்தில் கல்லீரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் மஞ்சள் காமாலையும் மயக்கமும் காணும்போது காலம் கடந்திருக்கும். ஆதலின் ஐயம் எழுந்த உடனே 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வது கூடாது. எஞ்சிய காளானையும், தோலையும் தண்டையும் குப்பையில் கிடப்பினும் எடுத்து, காகிதத்தில் சுற்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரே பானையில் உண்ட அனைவரும், நோய் காணாதவரும் உட்பட, உடன் செல்ல வேண்டும்.

ஒரே பானை என்று சொன்னதில் ஒரு கருத்து உண்டு. இங்கு ஓர் அறையில் ஐவரும் அறுவரும் தங்கி, ஓர் அடுப்பில் பொங்கி உண்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவரையும் நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருக்கின்றது. ஒருவர் பறித்து வந்த காளான் ஆறு குடும்பங்களின் விளக்கை அணைத்துவிடக்கூடும். அந்த அறைகளை நினைத்தே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

காளானை உண்ணவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆசையை அடக்குமாறு வெறுமனே கூறினால் இளைஞர் கேட்பாரா? நமக்கு அருகிலுள்ள ஹெசரகட்டாவில், 1967ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காளான் வளர்ப்பிலும் ஆராய்ச்சி செய்து பயிற்சி அளித்து வருகின்றது. வைக்கோலும் ஒரு மூலையும் இருந்தால் சிப்பிக் காளானை வீட்டிலேயே வளர்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட பால் காளான் வகை, வெப்பத்தைத் தாங்குவது. வெண்மையிலும் சதைப்பற்றிலும் ஊர்க் காளானை நினைவூட்டுவது. சங்கத்து மகளிர் சிலர் கூடி இதனைக் கற்றால் உணவுமாகும்; சிறு வருவாயுமாகும்.

முன்னர் ஹனோவர் நகரத்துத் தாள்களைக் குறித்தோம் அல்லவா? அவ்வாறு ஒரு தாளை நம் சங்கமும் வெளியிட வேண்டுமென்பதே நம் வேண்டுகோள். ஜூன் மாதத்து மழைக்கு முன்னர், தமிழிலும் கன்னடத்திலும் நான்கு வரிகள் போதும்: இங்கு முளைக்கும் காளானைப் பறிக்காதீர், எந்தச் சோதனையையும் நம்பாதீர், உண்டவர் நலமாகத் தோன்றினும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வீர், எஞ்சியதைக் கையில் கொண்டு செல்வீர். இதனைத் தொழிலாளர் தங்கும் விடுதிகளின் வாயிலில் ஒட்டுவோம். இந்தி பேசும் தோழரும் ஒரிய மொழி பேசும் தோழரும் நம்மோடு வேலை செய்கின்றனர். அவர்கள் மொழிகளிலும் எழுதித் தருவோரைத் தேடிக்கொள்வோம். அவர்களும் நம்மைப் போல் ஊர் நினைவோடு வந்தவர்களே.

தாய்மொழியைக் காப்பதற்காகச் சங்கம் கண்டோம். அம்மொழியைப் பேசும் உயிர்களைக் காப்பதும் சங்கத்தின் பணியே.