எண் தகடு

அஸ்ஸாமில் மோகன்பாரி விமானத் தளத்தில் நான் பணியில் இருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கொல்லையில் ஒரு கோழிக்கூடு. அதன் கதவு அலுமினியத் தகடு. கை கழுவப் போனவன் அதைத் தொட்டுப் பார்த்தேன். ஓரமாக ரிவெட் துளைகள், அளந்து வைத்தாற்போல ஒரே இடைவெளியில். உட்பக்கம் மஞ்சளும் பச்சையும் கலந்த பழைய பூச்சு. ஈரத்துணியால் துடைத்தேன். மங்கலாக எழுத்துகள் தெரிந்தன: அல்கிளாட், 24 எஸ்டி.

நான் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். விமானத்தின் உடலைப் பழுதுபார்ப்பது என் தொழில். அந்தப் பூச்சு, அலுமினியத்தை அரிப்பு தின்னாமலிருக்க அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உட்புறத்தில் அடித்த ஜிங்க் குரோமேட். அந்த எழுத்து, போர்க்காலத்தில் அங்கே தகட்டின்மேலேயே அச்சடித்த உலோக வகையின் பெயர். இரண்டாம் உலகப் போரில் விழுந்த ஏதோ ஒரு விமானத்தின் தோல் அது. மலையிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்றதாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் அங்கே விமானங்கள் விழுந்தன? 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும், சீனாவுக்குத் தளவாடம் போன சாலை அறுந்துபோனது. மிச்சமிருந்தது வானம்தான். சபுவா, டின்ஜான், மோகன்பாரி போன்ற அஸ்ஸாம் தளங்களிலிருந்து மலைகளைத் தாண்டிச் சீனாவின் குன்மிங் வரை பெட்ரோலும் வெடிமருந்தும் பறந்தன. விமானிகள் அந்தப் பாதையை 'ஹம்ப்' என்றார்கள். நம் மொழியில் திமில். 1945 வரை ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கு போனது. கிட்டத்தட்ட 600 விமானங்கள் திரும்பவில்லை. எதிரியால் விழுந்தவை குறைவு. மேகத்துக்குள் இறக்கைமேல் பனி உறைந்து பாரம் ஏறும். சூறைக்காற்று பாதையை விட்டுத் தள்ளும். முன்னால் மலை நிற்பது தெரியாது.

இனி என் மனசுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நொறுங்கிக் கிடக்கும் உலோகக் குவியல் எந்த விமானம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் எஞ்சின். அது கனம், யாரும் தூக்கிப் போக முடியாது. சுற்றிலும் உள்ள சிலிண்டர்களை எண்ணினால் 18 என்றால் சி-46 சரக்கு விமானமாக இருக்கலாம். 14 என்றால் டக்கோட்டா என்று நாம் சொல்லும் சி-47, அல்லது பி-24 குண்டுவீச்சு விமானம். அந்த மாதிரி நான்கு எஞ்சின்கள் கிடந்தால் பி-24 குடும்பம். அடுத்து வால். அமெரிக்கர்கள் விமான எண்ணின் முதல் இரண்டு இலக்கமாக, அதை வாங்கப் பணம் ஒதுக்கிய நிதியாண்டைப் போடுவார்கள். 42 என்று தொடங்கும் எண்ணை வாலில் எழுதும்போது 4-ஐ விட்டுவிட்டு 2-இலிருந்து எழுதுவார்கள். வால் எரிந்துபோயிருந்தால்? அப்போதுதான் தீப்பெட்டி அளவுத் தகடுகள் கைகொடுக்கும். எஞ்சினில் ஒன்று, பம்பில் ஒன்று, மானிகளின் முதுகில் ஒன்று. இயந்திரத் துப்பாக்கியின் உடம்பிலேயே எண் குத்தியிருக்கும்.

நேயர்களே, எண் மட்டும் இருந்தால் போதாது. எதோடு ஒப்பிடுவது? 1943 முதல் அமெரிக்க விமானப் படை, விமானம் திரும்பாத ஒவ்வொரு முறையும் ஓர் அறிக்கை தட்டச்சு செய்தது. அதில் உள்ளே இருந்தவர்களின் பெயர், புறப்பட்ட இடம், வானிலை எல்லாம் இருக்கும். கூடவே ஒவ்வொரு எஞ்சினின் எண்ணுக்கும், ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணுக்கும் தனித்தனிக் கட்டம். நண்பன் வராத ராத்திரியில் எவனோ ஒரு குமாஸ்தா உட்கார்ந்து அந்தக் கட்டங்களை நிரப்பியிருக்கிறான். அவனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு, விமானப் பராமரிப்புப் பதிவான படிவம் 700-இல் அதன் எண்ணை எழுதினேன். எங்கள் சார்ஜென்ட் வாசித்துப் பார்த்தார். "இது ஆறா, எட்டா?" என்றார். எனக்கே தெரியவில்லை. மணி ராத்திரி ஒன்பது. மூடிய பலகையைத் திரும்பத் திறக்க வைத்து, டார்ச் பிடித்து, எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். எட்டுதான். திருத்தி எழுதியதும் மெல்லச் சொன்னார்: "இந்த நம்பரை நாளைக்கு யார் தேடி வருவாங்கன்னு நமக்குத் தெரியாது தம்பி." அவர் சொன்னதன் முழுப் பொருள் எனக்குப் புரிய ரொம்ப காலம் ஆனது.

நேரம் ஓடுகிறது, ஒரு விமானத்தின் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெயர் 'ஹாட் ஆஸ் ஹெல்'. பி-24 ரகம். 1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து சபுவாவுக்குக் கிளம்பியது. உள்ளே எட்டுப் பேர். மோசமான வானிலை, வந்து சேரவில்லை. 2006-இல் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர், அருணாசலத்தில் தம்ரோ கிராமத்துக்கு மேலே, மலைமக்கள் வழிகாட்ட, அந்தச் சிதைவைக் கண்டார். அந்தக் காடுகளை அறிந்த உள்ளூர்க்காரர்கள் இல்லையென்றால் இப்படிப்பட்ட இடங்களை யாராலும் நெருங்க முடியாது. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

அனுமதிக்கும் வானிலைக்கும் காத்திருந்து காத்திருந்து 2015-இல்தான் முறையான அகழ்வு நடந்தது. செங்குத்துச் சரிவில் கயிறு கட்டி, கட்டம் கட்டமாக மண்ணை எடுத்து, கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் சலிப்பார்கள். ஒரு பொத்தான், பாராசூட் பட்டையின் கொக்கி, ஒரு பல். 2016 ஏப்ரலில் தில்லியில் மரியாதையோடு எலும்புகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தார்கள். பிறகு ஆய்வகச் சோதனைகள். 2017-இல் அந்த எட்டுப் பேரில் ஒருவரின் பெயர் உறுதியானது: லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட். ஜார்ஜியா மாநிலத்தில் அவருடைய சொந்த ஊரான கான்கார்டில் அடக்கம் செய்தார்கள். 73 வருடம் கழித்து ஊர் திரும்பியிருக்கிறார்.

இப்படிக் காணாமல் போனவர்களுக்கு மணிலாவில் ஓர் இடம் உண்டு: அமெரிக்கப் போர்க் கல்லறை. அதன் சுவர்களில் காணாமல் போன 36,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். யாராவது ஒருவர் கிடைத்து அடையாளம் தெரிந்ததும், அந்தப் பெயர் பக்கத்தில் சிறிய வெண்கலப் பூ ஒன்றைப் பதிப்பார்கள். பெயரை அழிப்பதில்லை. அருணாசலத்தின் பாசிகாட்டில் 2023-இல் திறந்த ஹம்ப் அருங்காட்சியகத்தில், அந்தப் பாதையில் விழுந்த விமானங்களின் சிதைவுகளைப் பார்க்கலாம். வடகிழக்குப் பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நேயர்களே, நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் ராணுவத்திலும் எல்லைச் சாலைப் பணியிலும் அருணாசல மலைகளில் இருக்கிறார்கள். இன்றைக்கு ராத்திரி போனில் பேசும்போது ஒன்று சொல்லுங்கள். காட்டில் பழைய அலுமினியம் கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். எது எங்கே கிடக்கிறது என்பதை வைத்துத்தான் யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கணக்கிடுவார்கள். தகட்டில் எண் இருந்தால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மேலதிகாரியிடமோ மாவட்ட நிர்வாகத்திடமோ கொடுக்கட்டும். ஆறா எட்டா என்று நன்றாகப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.