உப்புக் காற்றும் ஒளிப்படக் கண்ணாடியும்

படம் பிடிக்கும் கலையிலே நாட்டமுள்ளவர்களுக்குப் புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை ஒரு பெருஞ்செல்வம். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை நிற்கின்றது. வாடைக் காலத்தில் கடல் அமைதி கொள்ளும்போது டொல்பின்கள் கூட்டங்கூட்டமாகத் துள்ளுகின்றன. உடப்பிலே திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு நடைபெறும் காலமோ, கச்சான் காற்று ஓயாது வீசுகின்ற காலமாகும். இக்காட்சிகளைத் தேடிக் கமராவுடன் வருவோர் பலர். ஆனால் ஒரு மாலைப் பொழுது கரையில் நின்று திரும்பியதும், வில்லையின் முன்னே திருகிப் பூட்டியிருக்கும் 'பில்டர்' என்னும் வடிகண்ணாடியில் மங்கலான படலம் ஒன்று படிந்திருக்கக் காண்கிறார்கள். உடனே சட்டை நுனியால் துடைக்கிறார்கள். படலம் இடம் மாறுகிறதே தவிர, நீங்குவதில்லை. இது ஏன்? இதனைப் பழுதின்றி நீக்குவது எப்படி? இவற்றையே இன்று ஆராய்வோம்.

முதற் கேள்விக்கான விடையைப் புத்தளத்து உப்பளங்களிலேயே காணலாம். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. பாத்தியிலே தேக்கிய நீரை வெயிலும் காற்றும் குடித்துவிட, உப்பு எஞ்சுகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்திவலை கண்ணாடியில் விழுந்தால், அங்கும் இதே வேலைதான் நடக்கிறது. கண்ணாடி ஒரு சின்னஞ்சிறு உப்புப் பாத்தியாகி விடுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உப்பளத்தில், உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரை வடித்து அகற்றுவார்கள். கண்ணாடியில் அதனை வடிப்பார் எவருமில்லை. அக்கசப்பு நீரிலுள்ள மக்னீசிய உப்புக்கள் காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சும் இயல்புடையவை. ஆகையால் பகலில் உலர்ந்ததுபோலத் தோன்றும் படலம், இரவில் ஈரம் கூடியதும் மீண்டும் பிசுபிசுக்கிறது. உலர்ந்த துணி அதனைப் பரப்புமேயன்றி அகற்றாது.

இனி, ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை நோக்குவோம். பிரீட்ரிக் மோஸ் என்னும் கனிமவியல் அறிஞர் 1812 ஆம் ஆண்டில் வகுத்த வன்மை அளவிலே, உப்புக்கு இரண்டரை. கண்ணாடிக்கு ஏறத்தாழ ஐந்தரை. கடற்கரை மணலிலுள்ள குவார்ட்ஸ் கல்லுக்கோ ஏழு. எனவே கண்ணாடியைக் கீறும் பகைவன் உப்பன்று. உப்பின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த மணல் துகளே. சட்டை நுனியால் தேய்ப்பவர், தம்மையறியாமல் மணற்கடதாசியால் தேய்க்கிறார். அதனோடு, வடிகண்ணாடியின் மேல் தெறிப்பொளியைக் குறைக்கும் மெல்லிய பூச்சும் உண்டு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி விடும். இதனைத் தடுக்கும் முறையை ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் சுமாக்குலா 1935 ஆம் ஆண்டில் கண்டார். அப்பூச்சின் தடிப்பு மனித மயிரின் பருமனில் நூற்றிலொரு பங்குக்கும் குறைவு. அது கீறப்பட்டால் மீட்க வழியில்லை.

ஆகவே துப்புரவுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் மணல், அடுத்து உப்பு, இறுதியிலே எண்ணெய்ப் பசை. இவ்வரிசை மாறலாகாது.

காற்றுப் படாத இடத்திற்கு வந்து, வடிகண்ணாடியைக் கழற்றி, வில்லையை மூடி விடுங்கள். கண்ணாடியைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர்க் குமிழ் ஊதியால் மணலை ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பின்னர் சுத்தமான நீரை இரு முகங்களிலும் மெல்ல வழிய விடுங்கள். உப்பைத் தேய்க்க வேண்டியதில்லை. அது கரைந்து தானே போய்விடும். கடைசியாக ஊற்றுவது வடித்தெடுத்த நீராக இருத்தல் நன்று. கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் உலர்ந்தபின் வெண்புள்ளிகளாக நிற்கும். வாகன பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் இதற்கு உதவும். ஆனால் அதே கடையில் விற்கும் பற்றரி அமிலத்தை மாறி வாங்கிவிடாதீர்கள். கழுவியதை வெயிலில் வைக்கவும் வேண்டாம். அது மீண்டும் உப்பளமாகிவிடும். பலமுறை துவைத்த, கஞ்சியிடாத மெல்லிய பருத்தித் துணியாலோ நுண்ணிழைத் துணியாலோ ஒற்றி எடுங்கள்.

விரல் தடம் எஞ்சியிருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஒரு துளியைத் துணியில் இட்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுழற்றித் துடையுங்கள். அது எளிதில் தீப்பற்றும், விளக்கருகே வேண்டாம். அமோனியா கலந்த யன்னல் திரவங்களும் அசற்றோனும் இவ்வேலைக்கு ஆகா.

இம்முறை எல்லா வடிகண்ணாடிகளுக்கும் பொருந்தாது. களப்பு நீரின் பளபளப்பை அடக்கப் பயன்படும் போலறைசர் வகையில், கண்ணாடிகளுக்கிடையே மெல்லிய படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதை நீரில் அமிழ்த்தினால் ஓரங்களில் நீர் புகுந்து ஒட்டுக் கழன்றுவிடலாம். மணலை ஊதியபின், வடிநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பதே தகும். பழைய ஜெலற்றின் தகடுகளின் மேல் நீர் படவே கூடாது.

விளிம்பிலுள்ள திருகு மரையையும் மறவாதீர்கள். அங்கே உப்பு இறுகினால் வளையம் கழலாது. அதனையும் ஈரத் துணியால் துடைத்து, முற்றும் உலர்ந்த பின்னரே மீண்டும் பூட்டுங்கள். துடைத்த கண்ணாடியை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் எஞ்சிய கறை தெரியும். மெல்லிய கறை இருந்தாலும், மேற்கே சூரியன் கடலில் இறங்கும்போது எடுக்கும் படத்தில் அது வெண்புகையாய்ப் பரவிவிடும்.

நேயர்களே, படத்தையே தொழிலாகக் கொண்டோர் இப்பகுதியில் உண்டு. மணவீட்டாரும் கோயிலாரும் அவரை நம்பித்தான் தம் நாளை ஒப்படைக்கிறார்கள். அடியார் தீக்குழியில் காலெடுத்து வைக்கும் கணம், நம் கண்ணாடி மங்கிற்றே என்று மறுமுறை வாராது. முதல் நாளிரவு ஒரு குவளை நல்ல நீருக்கும் சிறிது பொறுமைக்கும் இடங்கொடுத்தால், அந்தக் கணம் தெளிவாக நின்று, அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும்.