வெறுங்கையும் வெட்டுக்கத்தியும்

(திருவரங்குளத்தில் இளைஞரிடை ஆற்றிய உரை)

 

கத்தி ஏந்தி வருவானை வெறுங்கையால் எதிர்கொள்ளும் கலையைப் பயில வேண்டும் என்னும் வேட்கை நும்மிடை எழுந்துள்ளது. வேட்கை நன்று. ஆயின், எதனைப் பயில்கின்றோம், எதற்காகப் பயில்கின்றோம் என்னும் தெளிவின்றிப் பயிலுதல் நன்றன்று.

இக்கலை நமக்குப் புதிதன்று. ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போரில் வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். புறநானூறு அதற்குச் சான்று. நம் அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல்லே கிடைத்துள்ளது. குமரி மாவட்டத்து ஆசான்மார் அடிமுறையையும் வருமக்கலையையும் இன்றும் காத்து வருகின்றனர். படுவருமம் 12, தொடுவருமம் 96, ஆக 108 என வகுத்த அவர்கள், அடிக்கும் இடத்தோடு அடிபட்டானை எழுப்பும் அடங்கல் முறையையும் சேர்த்தே கற்பித்தனர். தாக்கவல்ல கை காக்கவும் வல்லதாதல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

இனிக் கத்தியின் இயல்பைக் காண்போம். திரைப்படத்தில் தலைவன் ஒரு தட்டுத் தட்டக் கத்தி பறந்து வீழ்கிறது. அது பொய்! அமெரிக்கக் காவல்துறைப் பயிற்சியாளர் தெனிசு துயுலர் 1983இல் ஒரு கணக்கை வெளியிட்டார். 21 அடித் தொலைவில் கத்தியோடு நிற்பவன் ஏறத்தாழ ஒன்றரை நொடியில் வந்து தாக்கிவிடுவான் என்பதே அது. கைத்துமுக்கி ஏந்திய காவலர்க்கே இவ்வெச்சரிக்கை! வெறுங்கையர் நிலை என்னாகும்?

ஆகலின் முதற்பாடம் விலகுதலே. வழியிருப்பின் ஓடுக; அது கோழைமையன்று, அறிவு. நாற்காலியோ மிதிவண்டியோ இடையில் நிறுத்துக. உரக்கக் கூவுக. வேறு வழியே இல்லாதபோது மட்டும், கத்தி பிடித்த கையை இருகையாலும் இறுகப் பற்றி, அவன் நிலைகுலைந்த நொடியில் விலகி ஓடுக. சிறு வெட்டும் படாமல் தப்புவோம் என்று எண்ணற்க. மரக்கத்தி கொண்டு, ஆசான் முன்னிலையில், பன்னாள் பயின்றாலன்றி இதுவும் கைவராது. புண்பட்டார்க்குத் தூய துணியை வைத்து அழுத்திக் குருதியை நிறுத்துக. குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்கற்க. 108 மருத்துவ ஊர்தியை அழைக்க.

சட்டமும் தற்காப்புரிமையை ஏற்கிறது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள, பெயரிலேயே வடமொழி போர்த்த 'பாரதிய நியாய சங்கிதை'யின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதனைக் கூறுகின்றன. ஆயின் காத்தற்கு வேண்டிய அளவினும் மிகுதியாகத் தாக்க அவை இடந்தரவில்லை.

ஒன்றை மறவாதீர்! 2023 ஆகசுட்டில் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனை உடன்பயின்றோரே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். சாதிவெறியே அக்கத்தியைத் தீட்டியது. அதன்பின் அமைந்த மேனாள் நடுவர் சந்துரு குழு, 2024 சூனில் அளித்த அறிக்கையில், மாணவர் கைகளில் வண்ணக் கயிறு கட்டுதலைத் தடுக்குமாறு பரிந்துரைத்தது. முப்பது மாணவர் கையை நாளும் பார்க்கும் ஆசிரியன் நான். கத்திக்கு முன்னே கயிறு வந்துவிடுகிறது என்பதை அறிவேன்.

தமிழனைத் தமிழன் வெட்டும் நாட்டில் எந்த அடிமுறை நம்மைக் காக்கும்? பெண்மக்களும் ஆண்மக்களும் ஒருகளத்தில், சாதி கேளாது, கலை பயிலுங்கள். உங்கள் கை வெறுங்கையாகவே விளங்கட்டும். அதில் கத்தியும் வேண்டா, கயிறும் வேண்டா!