அசையும் அழுத்தமும்

மயிலாப்பூரை அடுத்துப் பக்கிங்காம் கால்வாயின் மேல் அமைந்த பாலம் ஒன்றுக்கு ஹாமில்டன் பாலம் என்று முன்னர்ப் பெயர். ஊரார் நாவில் அது 'அம்பட்டன் வாராவதி' ஆயிற்று என்பர். அதன் பொருளை மீண்டும் ஆங்கிலப்படுத்திப் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்றும் வழங்கினர். பின்னாளில் அப்பாலம் அம்பேத்கர் பெயரைப் பெற்றது.

இது நகைப்புக்குரிய திரிபாகவே சொல்லப்படுவது வழக்கம். அலகிட்டுப் பார்ப்போர்க்கு வேறொன்று புலப்படும். ஹா/மில்/டன்: நேர் நேர் நேர். அம்/பட்/டன்: நேர் நேர் நேர். இரண்டும் தேமாங்காயே. ஒலி மாறிற்று, பொருள் மாறிற்று, வாய்பாடு மாறவில்லை. உதிர்ந்துபோனது அழுத்தம். ஆங்கிலேயர் முதல் அசையை ஓங்கி ஒலித்து, ஏனைய இரண்டையும் தேய்த்துவிடுவர். தமிழ்ச் செவியோ மூன்றுக்கும் முழு அளவு தந்தது.

ஆங்கில நெடுஞ்சொற்களில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவு. 'போட்டோகிராப்' என்பது அம்மொழியில் மூவசை, அழுத்தம் முதலசையில். 'போட்டோகிராபர்' நாலசை, அழுத்தம் இரண்டாம் அசையில். 'போட்டோகிராபிக்' என்பதும் நாலசை, அழுத்தம் மூன்றாவதில். அழுத்தம் இடம்பெயரும்போது உயிரொலிகளும் உடன் மாறுகின்றன. ஓரிடத்தில் முழங்கிய ஓகாரம் மற்றோரிடத்தில் மங்கி ஒடுங்குகிறது.

தியாகராய நகர்க் கடைப்பலகையில் அதே சொல்லைத் தமிழில் எழுதினால் என்ன நேர்கிறது? போட்/டோ/கிரா/பர், போட்/டோ/கிரா/பிக்: இரண்டும் தேமாநறும்பூ. ஆங்கிலச் செவிக்கு வெவ்வேறு நடையுடையவை, தமிழில் ஒரே சீராகிவிடுகின்றன. 'போட்டோகிராப்' தேமாங்கனி ஆகும். அகராதி மூவசை என்கிறதே என்று அதைக் காய்ச்சீராகக் கருதி வெண்பாவில் அமைப்பவர் தளை தட்டக் காண்பார். கனிச்சீருக்கும் நாலசைச் சீருக்கும் அங்கு இடமில்லை. வந்த சொல்லைத் தமிழ் நா ஒலிக்கும்படியே அலகிட வேண்டும்.

மறுபுறமும் ஒன்றுண்டு. பத்து அசையும் ஐந்து அழுத்தமும் கொண்ட ஆங்கில அடியை எல்லா அசையும் சமமாகப் படித்தால், சொல் கிடைக்கும், நடை கிடைக்காது. மொழிபெயர்க்கும் கவிஞர் முதலில் அந்த அழுத்தத்தைச் செவியால் அறிதல் வேண்டும். பின்னர் அதைத் தமிழில் திணிக்க முயலாமல், மோனையாலும் எதுகையாலும் ஈடுசெய்தல் வேண்டும்.

விருந்தாக வரும் சொல் தன் அழுத்தத்தை வாயிலில் விட்டுத்தான் வருகிறது. அதன் அசையை எண்ணி இருக்கை தருவது புலவர் கடன். யாப்பிலக்கணம் பயிலாத ஊரார் அந்தக் கால்வாய்க் கரையில் அதைப் பிழையின்றிச் செய்திருக்கின்றனர்.