விளையாட்டுப் பொருளும் காரீயமும்



சிறுபாணாற்றுப்படையிலே ஓர் இனிய காட்சி வருகிறது. உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகச் செல்லும் உமணர் வளர்த்த மந்தி ஒன்று, கிளிஞ்சிலுக்குள்ளே முத்தை இட்டு, உமணர் பெற்ற சிறுவர்களோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. அதே பாட்டிற் புகழப்படும் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணமே என்று அறிஞர் கூறுவர். உப்பு விளையும் இந்தக் கரையிலே குழந்தைகள் இன்றும் விளையாடுகிறார்கள்; கையிலிருக்கும் பொருள்தான் மாறிவிட்டது. கிளிஞ்சிலை நக்கிய குழந்தையின் இரத்தத்தில் நஞ்சு ஏறியதில்லை. திருவிழாக் கடையிலே வாங்கிய மஞ்சள் வர்ணக் குதிரையைப் பற்றியும் அவ்வாறு உறுதி கூற முடியுமா? இதுவே இன்று நாம் ஆராயவேண்டிய பொருள்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஈயம் என்னும் சொல் தமிழிலே இரண்டு உலோகங்களைக் குறிக்கும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசும் ஈயமும் வெள்ளீயம். நான் கூறவந்தது காரீயத்தைப் பற்றி. அது கனமானது, மென்மையானது, எளிதில் உருகுவது. எங்கள் மீனவர் வீச்சு வலையின் விளிம்பிலே கோக்கும் குண்டு அதனால் ஆனது. பென்சிலின் உள்ளே இருப்பதோ காரீயமன்று. அது கரியின் ஒரு வகை.

இந்தக் காரீயம் பொம்மைக்குள் எவ்வாறு புகுந்தது? காரீயமும் குரோமியமும் சேர்ந்தால் பளிச்சென்ற மஞ்சள் கிடைக்கும். காரீயத்திலிருந்து சிவப்பும் வெள்ளையும் எடுப்பர். இவ்வர்ணங்கள் விரைவில் உலரும், வெயிலிலும் மழையிலும் நிலைக்கும், விலையும் மலிவு. சில பிளாஸ்டிக் வகைகள் சூட்டிலே சிதையாதிருக்கவும் காரீயச் சேர்மங்களைக் கலப்பதுண்டு. டெல்லி, மும்பை, சென்னைக் கடைகளில் வாங்கிய மென்மையான பிளாஸ்டிக் பொம்மைகளைச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு சோதித்தபோது, அவற்றிலே காரீயமும் காட்மியமும் இருக்கக் கண்டனர்.

உப்பளத்து ஊரினராகிய எங்களுக்கு உப்பென்றால் கரிப்பு. ஆனால் ரசாயன நூலிலே உப்பு என்பது பெரிய குடும்பம். அக்குடும்பத்திலே ஈய அசிட்டேட்டு என்னும் உப்பு இனிக்கும்! கசந்தால் குழந்தை துப்பிவிடும், இனித்தால் துப்புமா? ஆகவே, இந்த நஞ்சைப் பொறுத்தமட்டில் நாக்கு நமக்குக் காவலாகாது.

இது நேற்று அறிந்த செய்தியன்று. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் கண் மருத்துவர் லாக்கார்ட் கிப்சன், 1904இலேயே, வீட்டுத் தாழ்வாரக் கிராதிகளின் வர்ணம் பொடியாகிக் குழந்தைகளின் விரல்களிலே ஒட்டி வாய்க்குள் செல்வதை எடுத்துக் காட்டினார். அந்த வர்ணத்துக்கு அம்மாநிலம் 1922இல் சட்டத்தால் கட்டுப்பாடு விதித்தது. நஞ்சை அறிந்தபின் சட்டம் வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன!

உடலுக்குள்ளே என்ன நிகழ்கிறது? காரீயம் சுண்ணாம்புச் சத்தைப்போல வேடமிட்டு எலும்பிலே குடியேறி, ஆண்டுக் கணக்கில் தங்குகிறது. இரத்தத்திலே சிவப்பணுக்கள் உருவாவதைத் தடுத்துச் சோகையை விளைக்கிறது. வளரும் மூளையையும் தாக்குகிறது. விழுங்கிய காரீயத்தில், பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு மிகுதியைச் சிறு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. இரும்புச் சத்துக் குறைந்த குழந்தையிடம் இது இன்னும் மிகும். எனவே, வறிய வீட்டுக் குழந்தைக்கே இடர் மிகுதி.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலே நாங்கள் குழந்தை உளநூல் பயின்றோம். கவனக் குறைவுக்குப் பல காரணங்கள் அங்கே சொல்லப்பட்டன. காரீயம் அவற்றுள் இல்லை. 2009இல் வெளிவந்த சென்னை ஆய்வு ஒன்று என் சிந்தனையைத் தூண்டியது. 3 முதல் 7 வயதுவரையுள்ள 756 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தனர். அவர்களுடைய ஆசிரியர்களிடம் நடத்தையைப் பற்றிக் கேட்டனர். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்குச் சற்று மேலாகக் காரீயம் இருந்தது. அளவு மிக்க குழந்தைகளிடம் கவனக் குறைவும், பதற்றமும், பிறரோடு பழகுவதிலே தொல்லையும் மிகுந்து காணப்பட்டன. 5 மைக்ரோகிராமை எட்டினாலே காரணத்தைத் தேடி விலக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த நெறி. தீங்கற்ற அளவு என்று எதுவும் இதுவரை அறியப்படவில்லை. "மக்கு" என்று ஒரு சிறுவனுக்குப் பெயர் சூட்டுமுன், ஆசிரியரும் பெற்றோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் நாடு வாளாவிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து காரீயம் நீக்கப்பட்டது. வீட்டு வர்ணங்களிலே பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என 2016இல் விதி செய்யப்பட்டது. 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. ஆயினும், அதற்கு முன்பு வாங்கிய பொம்மை வீட்டுப் பரணிலே இருக்கலாம். முத்திரையற்ற பொம்மை தெருவிலே விற்கலாம்.

கண்ணாற் பார்த்துக் காரீயத்தை அறிய இயலாது, சோதனைச்சாலையே அறியும். ஆயினும், நாம் செய்யத்தக்கவை பல. முத்திரை பார்த்து வாங்குங்கள். வர்ணம் உதிரும் பழைய பொம்மையைத் தம்பி தங்கையரிடம் கொடாதீர்கள். உண்ணுமுன் அவர்கள் கைகளைக் கழுவிவிடுங்கள். பழைய கதவின் வர்ணத்தை உலர்ந்தபடியே சுரண்டாமல், நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். குழந்தையை அப்பால் அனுப்பிவிடுங்கள். கடற்கரைப் பிள்ளைகளே, வலைக் குண்டைக் கோலியாக உருட்டாதீர்கள், பல்லாற் கடிக்காதீர்கள், அதனை அடுக்களையிலே உருக்குவதற்கும் இடங்கொடாதீர்கள். முருங்கைக் கீரையும், கேழ்வரகும், நெல்லிக்கனியும் உணவிலே இடம்பெறட்டும். சத்துள்ள உடலிலே காரீயம் எளிதில் புகாது. ஐயம் தோன்றினால் மருத்துவரிடம் இரத்தச் சோதனை பற்றிக் கேளுங்கள்.

மூளையிலே நேர்ந்த கேட்டைப் பெரும்பாலும் மருந்தால் மீட்க இயலாது. வருமுன் காத்தலே வழி. கைக்குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளாது. படித்த அண்ணனும் அக்காளுமே அதற்குக் காவல். அந்தக் காவலை நீங்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.