முதுமையின் வலிமையை அளந்தறிவோம்

 

பள்ளிவாசலில் நாற்காலியிட்டுத் தொழும் பெரியோரை நாம் காண்கிறோம். சிலருக்கு அது மூட்டுவலியால் வந்தது. சிலருக்குத் தசை வலிமை குன்றியதால் வந்தது. "வயதாகிவிட்டது" என்று இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். தசைத் தளர்ச்சியை அளந்தறியலாம். பெருமளவு மீட்கவும் செய்யலாம்.

வயது ஏறுகையில் தசையின் அளவு குறைகிறது. வலிமையோ அதனினும் விரைந்து குறைகிறது. ஆகவே பருத்த உடலினரும் நலிந்திருக்கக்கூடும். 2001ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடு குழுவினர் முதுமை நலிவுக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: முயலாமலே எடை குறைதல், தீராக் களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், உடலுழைப்பு குறைதல். இவற்றுள் மூன்று இருப்பின் நலிவு. ஒன்றிரண்டு இருப்பின் அதன் முன்னிலை.

கைப்பிடியை அளக்க டைனமோமீட்டர் என்னும் கருவி உண்டு. அமர்ந்து, முழங்கையை மடக்கி, முழு வலுவுடன் அதனை இறுக்க வேண்டும். முதியோரில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் வலிமைக் குறைவு என 2019இல் ஆசிய நிபுணர் குழு வரையறுத்தது. கைப்பிடி உடல் முழுவதன் நிலையையும் உணர்த்துகிறது. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது; பிடி 5 கிலோ குறையுந்தோறும் மரண அபாயம் 16 சதவீதம் மிகுந்திருந்தது.

கருவியில்லாதோர்க்கு நாற்காலியே போதும். அதனைச் சுவரோரம் இட்டு, கைகளை மார்பில் கட்டி, ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். அருகில் ஒருவர் துணை நிற்கட்டும். 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆயின் மருத்துவரை நாடுதல் நலம்.

தந்தையரின் தளர்ச்சி பள்ளிவாசலில் நம் கண்ணில் படுகிறது. வீட்டில் சுவரைப் பிடித்து எழும் தாய்மாரின் தளர்ச்சியோ, அவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னரே பலருக்குத் தெரிகிறது. அவர்களையே முதலில் கவனிப்போமாக!

காலம் கடந்துவிட்டதென எவரும் சோர்வுற வேண்டியதில்லை. 1990இல் அமெரிக்காவில், 90 வயதையொட்டிய முதியோர்க்கு எட்டு வாரங்கள் பளுப் பயிற்சி அளித்தனர். அவர்களின் கால் வலிமை இரு மடங்குக்கும் மேலாயிற்று. மருத்துவரின் ஆலோசனையுடன் நாள்தோறும் எழுந்து அமரும் பயிற்சியும், முட்டை, மீன், பருப்பு முதலிய புரத உணவும் நம் இல்லங்களிலேயே இயலும். சிறுநீரக நோயுள்ளோர் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிக.

இன்று இல்லம் சென்றதும் நம் பெற்றோரை ஒருமுறை அமர்ந்து எழச் சொல்லிப் பார்ப்போம்.